வேசலில் விட்டுவந்த தொட்டில்

டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்த குகன் அண்ணா, காரைக் கிளப்பியதும் கேட்ட முதல் கேள்வி, "உண்மையா ஒரு தொட்டிலுக்காகவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்பதுதான்.

ஆமாம் என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப நல்ல தொட்டிலாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டார்.

குகன் அண்ணாவும் அவர் மனைவி வசந்தி அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஊரில் சண்டை மூண்ட காலத்தில் ஜெர்மனிக்கு வந்து இங்கேயே வேரூன்றியவர்கள். இங்கிலாந்தில் என் பக்கத்து வீட்டில் இருப்பவர் வசந்தி அக்காவின் தங்கை. "ஜெர்மனியில ஹோட்டலோ? அக்கா கேட்டா என்னைத் திண்டுபோடுவா" என்று அவர் மிரட்டியதால், முன்பின் பார்த்திராத வீட்டுக்கு நான் விருந்தாளியாகப் போனேன்.

நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவள். இங்கிலாந்தில் பல வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், சஃபோக் பகுதியில் எங்கள் வீட்டுக்கு அருகே இருக்கும் மெல்வுட் மாளிகையில் வழிகாட்டியாகச் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டிக் கதை சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன். சேலை கட்டிக்கொண்டு நான் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய டியூடர் காலத்து இங்கிலாந்தைப் பற்றிப் பேசுவதைப் பார்த்து முதலில் முழிக்கிறவர்கள், கூடத்தைத் தாண்டுவதற்குள் கதைக்குள் வந்துவிடுவார்கள்.

கதை இதுதான். ரால்ஃப் மெல்வுட் ஒரு கம்பளி வியாபாரி. ஆறு மனைவி கட்டிய இங்கிலாந்து மன்னர், மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, ரால்ஃப் ஒரு பெரும் பங்கை வாங்கி அதில் செங்கல் மாளிகை எழுப்பினார். சாப்பாட்டுப் பிரியர். ஆடுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். அவருடைய மனைவி ஆக்னஸ் வேறு மாதிரி. அப்போது பரவிவந்த, போப்பை ஏற்காத புதிய கிறிஸ்தவ மதத்தில் அவருக்கு அசைக்க முடியாத பிடிப்பு. வேலைக்காரர்களையும் கூடத்தில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் வேதம் படித்துக் காட்டுவாராம். சில வருடம் கழித்து மன்னரின் மூத்த மகள் அரசியானார். பழைய மதம் திரும்பி வந்தது. புதிய மதத்தை விடமாட்டேன் என்றவர்களை நெருப்பில் நிறுத்தினார்கள். ரால்ஃபும் ஆக்னஸும் இரண்டு பையன்களோடு கப்பலேறி, ரைன் நதிக்கரையில் இருக்கும் வேசல் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அரசி இறந்து அவருடைய தங்கை பட்டத்துக்கு வந்தபிறகுதான் வீடு திரும்பினார்கள்.

மாளிகையில் இன்று அந்தக் குடும்பம் தொட்ட பொருள் என்று எதுவும் இல்லை. கட்டிலும் பெட்டியும் தட்டும் அந்தக் காலத்தவைதான், ஆனால் வேறு வீடுகளிலிருந்து வந்தவை. மிச்சமிருப்பது கூடத்தில் கணப்பின் மேலே செதுக்கியிருக்கும் மூன்று நாரைகள் மட்டுமே. அது குடும்பச் சின்னம். நடுவில் நிற்கும் நாரை மட்டும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்.

இந்தப் பயணத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் லேனா என்ற ஜெர்மன் பெண் சுற்றுலா வந்தவள், அந்த நாரைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "எங்கள் வீட்டுத் தொட்டிலிலும் இந்தப் பறவைகள் இருக்கின்றன. நடுப் பறவை இப்படித்தான் திரும்பிப் பார்க்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கைபேசியில் படம் காட்டினாள். "உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டேன். "வேசலுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாளிகையின் பொறுப்பாளர் சார்லட்டுக்குச் சிலிர்ப்போடு நிற்கவில்லை. அந்தத் தொட்டில் எங்களுக்கு வேண்டும், நிரந்தரமாகக் கிடைத்தால் நல்லது, நீங்களே போய்ப் பேசுங்கள், உங்களிடம் யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று என்னை அனுப்பிவைத்தார்.

வசந்தி அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வாங்கோ மீனா, வாங்கோ. கை கால் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ. மற்றக் கதையெல்லாம் பேந்து." இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, கட்டைச் சம்பல். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்று பழகியவளுக்கு அந்தச் சம்பலின் காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார்.

சாப்பிடும்போதே மெல்வுட் குடும்பத்தின் கதையைச் சொன்னேன். இத்தனை காலமாகச் சொல்லிவருகிற கதை, எங்கே நிறுத்தினால் கேட்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அக்காவும் அண்ணாவும் பெருமூச்சு விடவில்லை. கேள்வி கேட்டார்கள்.

"வீட்டைப் பூட்டிப்போட்டோ போனவை? ஆர் பாத்தது?"

"ரால்ஃபோட தம்பின்னு சொல்வாங்கக்கா."

"பிள்ளையள் சின்னனோ?"

"சின்னப் பசங்கதான். ஆக்னஸ் அப்ப கர்ப்பமா இருந்தாங்க. வேசல்ல ஒரு பெண் குழந்தை பிறந்தது."

அக்கா கரண்டியை வைத்துவிட்டார். "வயித்தில பிள்ளையோட கப்பலிலயோ?" என்றார்.

குகன் அண்ணாவின் கேள்வி வேறு. "திரும்பிப் போகேக்க வீடு கிடைச்சதோ?"

"கிடைச்சதுண்ணா. இன்னிக்கும் இருக்கே, அதுலதான் நான் வேலை பார்க்கிறேன்."

"குடுத்து வைச்ச சனம்" என்றார் அவர். "எங்கட வீடு இருந்த இடத்தில இப்ப ஆமிக் காம்ப்."

அதைச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டார்.

மறுநாள் அக்காவும் என்னோடு கிளம்பினார். லேனாவுக்கு ஆங்கிலம் தெரியும்; ஆனால் தொட்டில் விஷயத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய மாமனார். அவருக்கு ஜெர்மன் மட்டும்தான், அதிலும் அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜெர்மன். "எனக்கு அது விளங்கும். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில முக்கால்வாசிச் சனம் உப்பிடித்தான் கதைக்கும்" என்றார் அக்கா.

ரயிலில் என்னை இன்னும் விசாரித்தார். மாளிகையில் நான் எப்படிச் சொல்லுவேன் என்று சொல்லிக்காட்டச் சொன்னார். "அரசியின் ஆட்சியில் இந்தக் குடும்பம் ஐரோப்பாவுக்குச் சென்று சில காலம் தங்கியது..." என்று ஆரம்பித்தேன்.

"தங்கினவையோ? அகதியாப் போனவை எண்டு சொல்லுங்கோவன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு பெரிய மாளிகைக்காரரை அந்தச் சொல்லோடு நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. வெளியே தட்டையான பச்சை வயல்களில் வெள்ளை விரிப்புகள் வரிவரியாகக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே வெள்ளை அஸ்பாரகஸ் என்ற காய்கறித் தண்டு வளர்கிறது என்றார் அக்கா. வெயில் படாமல் மூடி வளர்த்தால்தான் வெள்ளையாக இருக்குமாம்.

வேசலில் இறங்கிப் பெரிய தேவாலயத்தைப் பார்த்தோம். ஆங்கிலேய அகதிகள் வந்தபோதும் அந்த இடத்தில் தேவாலயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசி வசந்தத்தில் ஊரோடு சேர்ந்து இடிந்துபோய், மறுபடி கட்டியெழுப்பியது இது. ஆக்னஸ் எங்கே முழங்காலிட்டிருப்பார் என்று நான் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். "எந்தச் சாமியெண்டா என்ன, வந்த காரியம் முடியட்டும்."

காரியம் முடிவதற்குப் பதிலாக நாங்கள் தப்பான ரயிலில் ஏறினோம். வேசலில் ரயில் இரண்டாகக் கழன்று, ஒரு பாதி ஹாலந்து எல்லைப் பக்கமும் மறு பாதி லேனாவின் பண்ணை இருக்கும் பக்கமும் போகும். அக்கா, "எனக்குத் தெரியாத ரயிலோ?" என்று என்னை முன்பாதியில் இழுத்து உட்காரவைத்தார். கதை மும்முரத்தில் ஊரின் பெயர்ப்பலகைகளை இருவரும் பார்க்கவில்லை. எதிரே இருந்த அம்மாள் ஏதோ சொல்ல, அக்காவின் முகம் மாறியது. "ஐயோ மீனா, நாங்கள் ஹாலந்துக்குப் போய்க்கொண்டிருக்கிறம்!"

ஒரு சின்ன நிலையத்தில் இறங்கினோம். பெஞ்சும் டிக்கெட் இயந்திரமும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. லேனாவுக்குப் போன் செய்தேன். அவள் காரை எடுத்துக்கொண்டு தானே வந்தாள். இறங்கியபோதுதான் கவனித்தேன், நிறைமாத வயிறு. ஸ்டீயரிங்கில் இடிக்காமல் எப்படித்தான் ஓட்டினாளோ.

அக்கா அவளிடம் என்னவோ கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "வாற மாசம் டெர்மீனாம்" என்றார். குழந்தை பிறக்கும் நாளுக்கும் அலுவலகத்தில் போய் நிற்கும் நாளுக்கும் இங்கே ஒரே சொல்தான்.

தொட்டில் கேட்டு வந்திருக்கும் வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது.

பண்ணை வீடு செங்கல் வீடு. முற்றத்தில் டிராக்டரும் கோழிகளும். லேனாவின் கணவன் வயலில் இருந்தான். மாமனார் ஹைன்ரிக் சமையலறை மேஜையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். எங்களுக்குக் காப்பியும் ருபார்ப் கேக்கும் வந்தன. ருபார்ப் என்ற அந்தச் சிவப்புத் தண்டின் புளிப்பு நம் ஊர்ப் பிஞ்சு மாங்காயை எட்டிப்பிடிக்கும். ஹைன்ரிக் எங்களைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

தொட்டில் பக்கத்து அறையில் இருந்தது. கருத்துப்போன ஓக் மரம். அடியில் ஆடும் கட்டைகள் மட்டும் பிற்காலத்தில் மாற்றியவை என்று பார்த்தாலே தெரிந்தது. தலைமாட்டில் மூன்று நாரைகள். எங்கள் கணப்பின் நாரைகளைவிடக் கொஞ்சம் குண்டு, கால்கள் கோணல்மாணல். எங்கள் கணப்புச் செதுக்கலைக் கண்ணால் பார்க்காத யாரோ ஒரு வேசல் தச்சர், ரால்ஃப் வாயால் சொல்லச் சொல்லச் செதுக்கியிருக்க வேண்டும். நடு நாரை திரும்பித்தான் பார்த்தது. தொட்டிலுக்குள்ளே சலவை செய்த வெள்ளை விரிப்பும் மஞ்சள் நிறக் கம்பளிப் போர்வையும் தயாராக இருந்தன.

தொடக்கூடாது என்று தினமும் சொல்லுகிறவள் நான். அன்றைக்கு என் கை தானாகப் போய் அந்த நாரையின் கழுத்தைத் தொட்டது.

மேஜைக்குத் திரும்பி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மாளிகையில் அந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றுமில்லை, நல்ல கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருக்கும், பழைய மரத்துக்கு ஈரமும் சூடும் ஆகாது, குழந்தையைப் படுக்கவைத்து ஆட்டினால் விரிசல் விடலாம். சார்லட் சொல்லியனுப்பியதையெல்லாம் சொன்னேன். அக்கா மொழிபெயர்க்கும்போது அவர் குரல் வாக்கியத்துக்கு வாக்கியம் தணிந்துகொண்டே போனது.

ஹைன்ரிக் பேசினார். அக்கா அதைத் தமிழில் சொன்னார். அதனால் அந்தக் கிழவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசியதாகவே என் நினைவில் பதிந்துவிட்டது.

"'சண்டை முடியிற நேரம் நான் கைக்குழந்தை. குண்டு விழேக்க அம்மா என்னை இந்தத் தொட்டிலில போட்டு, தொட்டிலைக் கைவண்டியில வைச்சு, தள்ளிக்கொண்டு ஓடினவ. வீடு எரிஞ்சுபோச்சு. திரும்பி வரேக்க எங்களிட்ட மிஞ்சினது இது ஒண்டுதான். என்ர மகனும் இதிலதான் கிடந்தவன். வாற பிள்ளையும் இதிலதான் கிடக்கும். தர ஏலாது.' அப்பிடிச் சொல்லுறார், மீனா."

ஹைன்ரிக் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். லேனா சங்கடத்தோடு கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் இத்தனை வருடமாக வெறும் வாயால் கதை சொன்னவளுக்கு, கண்ணெதிரே வந்த தொட்டில் கை நழுவுகிறதே என்று இருந்தது.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். கோழிக்கூட்டருகே இருவரும் நின்றார்கள். அக்கா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். ஹைன்ரிக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசினார். அக்கா சட்டென்று திரும்பி, என்னை வெளியே வரும்படிக் கையசைத்தார்.

"தொட்டிலைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்ல" என்றார். "என்ர மூத்தவள் அகதி முகாமில பிறந்தவள், வாழைப்பழப் பெட்டியில கிடத்தினனான், பேந்து ஒரு ஜெர்மன்காரி தன்ர பிள்ளையின்ர தொட்டிலைக் கொண்டுவந்து தந்தவ எண்டு சும்மா சொன்னனான். அதுக்கு அவர் ஒண்டு கேக்கிறார். நீங்கள்தான் பதில் சொல்லவேணும்."

"என்ன கேட்கிறார்?"

"அவையின்ர குடும்பத்தில ஒரு கதை இருக்காம். முந்தி ஒரு இங்கிலீசுக் குடும்பம் எரிஞ்சுபோன அந்தப் பழைய வீட்டு மேல்மாடியில இருந்ததாம். ஒரு நாள் சேதி வந்ததும் ஊருக்குத் திரும்ப வெளிக்கிட்டிருக்கினம். அந்த நேரந்தான் வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தது. இங்கிலீசுக்காரி தன்ர பிள்ளையை மடியில தூக்கிக்கொண்டு, தொட்டிலை இவவிட்டக் குடுத்திட்டுப் போயிட்டாவாம். கதை அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது." அக்கா மூச்சு வாங்கினார். "'அந்தப் பிள்ளை கடல் தாண்டிப் போய்ப் பிழைச்சதோ?' எண்டு கேக்கிறார்."

ஹைன்ரிக் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் இதைக் கேட்டிருப்பார், அந்த அம்மாவின் மாமியாரும் கேட்டிருப்பார் என்று தோன்றியது. இத்தனை தலைமுறையாக ஒரு வீட்டில், யாரோ ஒரு கைக்குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை தொட்டிலோடு சேர்ந்து கைமாறி வந்திருக்கிறது.

எனக்குப் பதில் தெரியும். அதைவிட நிச்சயமாக எனக்கு வேறெதுவும் தெரியாது.

"பிழைச்சா" என்றேன். "அவ பேர் எலினார். மாளிகையிலேயே வளர்ந்தா. கல்யாணம் பண்ணிக்கிட்டா, வீடு நிறையப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவளோட அண்ணன்களைவிட அதிக காலம் இருந்தவ அவதான். எங்க ஊர்ச் சின்னத் தேவாலயத்தில் அவளுக்குக் கல் வச்சிருக்காங்க. அதுல, கடலுக்கு அப்பால் பிறந்தவள்னு செதுக்கியிருக்கு."

அக்கா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார்.

ஹைன்ரிக் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு மறுபடி போட்டுக்கொண்டார். "யா" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, "யா, யா." பிறகு வீட்டுக்குள் போய், லேனாவிடம் உரத்த குரலில் ஏதோ சொன்னார். எங்களைச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்கிறார் என்றாள் அவள்.

வேகவைத்த அஸ்பாரகஸ், உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய். உப்பு மட்டும் போட்ட சாப்பாடு இவ்வளவு ருசிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அக்கா பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார், மிளகாய்த்தூள். ஹைன்ரிக் தானும் கொஞ்சம் தூவிக்கொண்டு, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி தூவிக்கொண்டார்.

வழி சொன்னவள் லேனாதான். "பிள்ளைகள் வளர்ந்துவிடும். இந்தக் குழந்தை கிறிஸ்துமஸுக்குள் தொட்டிலில் அடங்காது. அதற்கு அடுத்த கோடையில் தொட்டில் இங்கிலாந்து போகட்டும். கோடை முடிந்ததும் திரும்பி வரவேண்டும். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும்."

எல்லோரும் ஹைன்ரிக்கைப் பார்த்தோம். அவர் வெண்ணெயை வழித்துக்கொண்டே சொன்னதை அக்கா சொன்னார்: "'தொட்டில் போகட்டும். ஆனா நானும் கூடப் போவன். அந்தக் கல்லை நான் பாக்கவேணும்' எண்டு சொல்லுறார்."

சார்லட் நிரந்தரமாகக் கேட்டிருந்தார். நான் அவரைக் கேட்காமலேயே, ஒரு கோடை போதும் என்று கை நீட்டினேன். மண்வெட்டிக் கை என் கையை முழுசாக மூடிக்கொண்டது.

டுசல்டோர்ஃபுக்குத் திரும்பும் வழியில் போன் செய்து சார்லட்டிடம் சொன்னேன். "குழந்தை படுத்து ஆடிய தொட்டிலையா கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?" என்றார். "குழந்தை படுத்ததால்தான் அது இன்னும் இருக்கிறது" என்றேன். "சரி, வந்து பேசுவோம்" என்றார். அந்தத் தொனியை எனக்குத் தெரியும், அது சம்மதம்.

ஊருக்குப் புறப்படும் நாளில் அக்கா எனக்கு மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டித்தந்தார். குகன் அண்ணா விமான நிலையத்தில், "அடுத்தமுறை சும்மா வாங்கோ. தொட்டில், கட்டில் எண்டு ஒரு சாட்டும் வேண்டாம்" என்றார். நான் திரும்பி வந்து சில வாரத்தில் லேனா படம் அனுப்பினாள். மஞ்சள் போர்வைக்குள் ஒரு சிவந்த முகம். பெயர் ஃப்ரீடா.

அதற்கடுத்த கோடையில் தொட்டில் வந்தது. மர நிபுணர்கள் பார்த்து, காலம் சரிதான் என்றார்கள். இப்போது நான் கூடத்தில் கதை சொல்லும்போது, அகதிகளாகப் போனார்கள் என்றே சொல்கிறேன். சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள். தொடர்ந்து சொல்லுவேன்.

ஹைன்ரிக்கும் வந்தார், லேனாவும் ஃப்ரீடாவும் வந்தார்கள். தங்கையைப் பார்க்கும் சாக்கில் வசந்தி அக்காவும் வந்துவிட்டார். எல்லோரையும் தேவாலயத்துக்கு அழைத்துப்போனேன். எலினாரின் கல் தரையோடு பதிந்தது. எழுத்துகள் பாதி தேய்ந்துவிட்டன. ஹைன்ரிக் மெதுவாக ஒரு முழங்காலை ஊன்றி, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு தன் கிராமத்து மொழியில், வீட்டுப் பெண்ணிடம் பேசுகிறவர் போல, தணிந்த குரலில் நெடுநேரம் பேசினார்.

"என்னக்கா சொல்றார்?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "'வீட்டில எல்லாரும் சுகம்' எண்டு சொல்லுறார்."